கோதுமையும் பாலும் இல்லாத பீட்சா: அக்காவோட சில டிப்ஸ்

பையனுக்கு கோதுமையும் ஆகாது, பாலும் ஆகாதுன்னு டாக்டர் சொன்னதும் "இனிமே பீட்சாவே கிடையாதா அக்கா?"ன்னு கேட்டியே. உண்டுடி, தாராளமா உண்டு. ஆனா மைதாவை எடுத்துட்டு அந்த இடத்துல அரிசி மாவைப் போட்டா பீட்சா வந்துடும்னு நினைக்காத. வர்றது தட்டைதான்.

மைதாவைப் பிசையப் பிசைய ஒரு இழுவை வருதே, அது குளூட்டன். ஈஸ்ட் விடுற காத்தை அதுதான் பிடிச்சு வெச்சு மாவை உப்ப வைக்குது. அரிசியில அது இல்ல, சோளத்துலயும் இல்ல. கை வலிக்கப் பிசைஞ்சாலும் வராது. அந்த வேலையைச் செய்ய மருந்துக்கடையில ஒரு சாமான் இருக்கு: இசப்கோல். தாத்தா ராத்திரி தண்ணியில கலக்கிக் குடிப்பாரே, அதேதான். ஆரஞ்சு வாசனை போட்ட டப்பா வேண்டாம், வெறும் உமியா கேட்டு வாங்கு.

ரெண்டு சின்ன பீட்சாவுக்கு அரிசி மாவு 120 கிராம், வெள்ளைச் சோள மாவு 60 கிராம், மரவள்ளிக்கிழங்கு ஸ்டார்ச் 70 கிராம். அரிசி உடம்பைக் கொடுக்கும், சோளம் ருசியைக் கொடுக்கும், மரவள்ளி மெல்லுற பதத்தைக் கொடுக்கும். ஸ்டார்ச் கிடைக்கலேன்னா ஜவ்வரிசியை மிக்ஸியில நைசா அரைச்சு சலிச்சுக்கோ. அது தண்ணியைக் கொஞ்சம் கூட இழுக்கும். கப்புல அளக்காத, தராசுல நிறுத்துப் போடு. இந்த மாவுல பத்து கிராம் வித்தியாசமே காட்டிக்கொடுத்துடும்.

270 மில்லி வெதுவெதுப்பான தண்ணியில 15 கிராம் இசப்கோலைக் கலக்கிப் பத்து நிமிஷம் விடு, கூழா இறுகிடும். மாவுகளோட ஒரு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒரு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் உப்பு சேர்த்துக் கலந்து, அந்தக் கூழையும் ஒன்றரை டேபிள்ஸ்பூன் எண்ணெயையும் விட்டுப் பிசை. அடை மாவைவிடக் கெட்டியா, சப்பாத்தி மாவைவிட இளக்கமா, கையில ஒட்டுற பதத்துல இருக்கும். அது சரிதான். ஒட்டுதேன்னு இன்னும் மாவைக் கொட்டினா வெந்ததும் வறண்டு வெடிக்கும். மூடி வெச்சு ஒரு மணி நேரம் விடு. நம்ம ஊர் வெயிலுக்கு முக்கால் மணியே போதும். மைதா மாதிரி ரெண்டு மடங்கா உப்பும்னு காத்திருக்காத. அரிசி மாவு தண்ணியை நல்லா உறிஞ்சத்தான் இந்த நேரம் வேணும், இல்லேன்னா பல்லுல நறநறன்னு இருக்கும்.

பூரிக்கட்டையைத் தொடாத. பேக்கிங் பேப்பர்ல வெச்சு, கையில எண்ணெய் தொட்டுக்கிட்டு அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டு, ஓரம் மட்டும் கொஞ்சம் தடியா இருக்கட்டும். இப்போ முக்கியமான விஷயம்: சாஸ் தடவறதுக்கு முன்னாடி வெறும் பேஸை ஓடிஜி அடுப்புல 230 டிகிரியில பத்துப் பன்னிரண்டு நிமிஷம் வேகவிடு. இதைத் தாண்டிட்டா நடுவுல மாவு பச்சையாவே நிக்கும். மேலே காய்ஞ்சு அடி லேசா சிவந்ததும் சாஸும் காயும் போட்டு, ஓடிஜி எவ்வளவு சூடு போகுமோ அவ்வளவுல இன்னொரு எட்டு நிமிஷம். ஓடிஜி இல்லையா? கனமான தோசைக்கல், மிதமான தீ, மேலே மூடி. ஒரு பக்கம் வெந்ததும் திருப்பி, வெந்த பக்கத்துல சாஸைத் தடவி மறுபடி மூடிடு. ஆனா உத்தப்பத்து மேல சாஸ் தடவி அதைப் பீட்சான்னு சொல்றவங்களை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன்!

சீஸ் இல்லையேன்னு அழாத. பீட்சா பிறந்த நேப்பிள்ஸ்லயே மரினாரான்னு ஒண்ணு உண்டு. தக்காளி, பூண்டு, ஆரிகானோ, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். சீஸே கிடையாது. நானா இருந்தா முதல்ல அதைத்தான் செஞ்சு கொடுப்பேன். சீஸ் தர்ற உப்பையும் கொழுப்பையும் வேற வழியில கொண்டு வந்தா போதும்: பொன்னிறமா வதக்கின வெங்காயம், தண்ணி சுண்ட வறுத்த காளான், ஆலிவ், இறக்கினதும் மேலே ஒரு சுத்து நல்ல எண்ணெய். சாஸுக்குச் சதைப்பத்துள்ள பெங்களூர் தக்காளி நல்லது. கரண்டியால இழுத்தா தடம் நிக்கிற வரைக்கும் சுண்டவிடு. எந்தக் காயையும் பச்சையா போடாத, தண்ணி விட்டு அடி சொதசொதன்னு ஆயிடும்.

வெள்ளையா ஏதாவது வேணும்னு அவன் அடம் பிடிச்சா, 100 கிராம் முந்திரியை வெந்நீர்ல ஊறவெச்சு, ஒரு பல் பூண்டு, ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, அதே அளவு மரவள்ளி ஸ்டார்ச், உப்பு, 200 மில்லி தண்ணி விட்டு அரைச்சு அடுப்புல கிளறு. ரெண்டு மூணு நிமிஷத்துல இழுவையா வரும். அதைச் சின்னச் சின்னதா கிள்ளி வெச்சுடு. கடையில வாங்குற சீஸ்னா அட்டையை நிதானமாப் படி. 'லாக்டோஸ் ஃப்ரீ'ன்னா பால் இல்லேன்னு அர்த்தமில்ல, பால் சர்க்கரை மட்டும்தான் இருக்காது. பால் புரதமே ஒத்துக்காத பிள்ளைக்கு அதுவும் ஆகாது. கேசீன், வேன்னு பால் புரதத்தோட பேர் போட்டிருந்தா திருப்பி வெச்சுடு. சோயா சாஸ்லயும், பால் சேர்க்காத சைவ 'இறைச்சி'யிலயும் கோதுமை ஒளிஞ்சிருக்கும்.

இதையெல்லாம் சரியா செஞ்சுட்டு மாவு மில்லுல கோட்டை விட்டுடாத. உனக்கு முன்னாடி யாராவது கோதுமை அரைச்சிருந்தா அது உன் அரிசி மாவுலயும் வந்துடும், குளூட்டனே ஆகாத சீலியாக் நோய் இருக்குற பிள்ளைக்கு அந்தத் துளியே போதும். குளூட்டன் ஃப்ரீன்னு போட்ட பாக்கெட் வாங்கு, இல்ல வீட்டு மிக்ஸியில அரை. சல்லடை அவனுக்குத் தனியா இருக்கணும், மரக்கட்டையும்தான். மத்தவங்களுக்கு மைதா பீட்சா போடுறதா இருந்தா அவனுதை முதல்ல முடிச்சுடு. மைதாத் தூள் காத்துல பறந்து எங்க வேணா உக்காரும்.

ஞாயித்துக்கிழமை உக்காந்து நாலஞ்சு பேஸ் பாதி வேகவெச்சு, நல்லா ஆறினதும் நடுநடுவுல பேப்பர் வெச்சு ஃப்ரீசர்ல போட்டுடு. பிறந்தநாள் விருந்துன்னு யாராவது திடீர்னு கூப்பிட்டா, எடுத்து இளக விடாம அப்படியே சாஸும் காயும் போட்டுச் சூடான ஓடிஜியில வேகவெச்சு, ஒரு டப்பாவுல போட்டுக் கொடுத்தனுப்பு. வெட்டுற கத்தியையும் கூடவே வை, அங்க இருக்குறதை வாங்கி வெட்ட வேண்டாம்னு சொல்லி அனுப்பு.