எஸ்டிமேட் வந்த அன்று முடிவெடுக்காதே

அன்பு மகள் கயலுக்கு,

நீ அனுப்பிய எஸ்டிமேட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். கிளட்ச் செட், முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டு, லோயர் ஆர்ம் புஷ், ஏ.சி. கம்ப்ரஸர், பேட்டரி, கூலி. மொத்தம் 48,000 ரூபாய். கூடவே ஷோரூம்காரர் உன் 2016 பெட்ரோல் வண்டிக்கு 2,40,000 தருகிறேன், மீதிக்குக் கடன் போட்டுப் புதுசு எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாராம். “வண்டி விலையில அஞ்சுல ஒரு பங்கு ரிப்பேருக்கே போகுது, வித்துடலாமா பெரியப்பா?” என்று கேட்டிருக்கிறாய்.

அந்த அஞ்சில் ஒரு பங்குக் கணக்கில்தான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள். ரிப்பேர் செலவை வண்டியின் விற்பனை விலையோடு ஒப்பிட்டுப் பயனில்லை. வைத்துக்கொண்டால் வருகிற ஒரு வருடம் எவ்வளவு ஆகும், மாற்றினால் அதே ஒரு வருடம் எவ்வளவு ஆகும் என்று பார்.

ஷோரூம் விலை 8 லட்சம் உள்ள கார் என்று வைத்துக்கொள்வோம். நம் மாநிலத்தில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை உள்ள காருக்கு ஆயுள்கால வரி 13 சதவீதம். 1,04,000 அங்கேயே போயிற்று. இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்தால் ஆன்ரோடு ஒன்பதரை லட்சத்தை ஒட்டி நிற்கும். பழைய வண்டிப் பணம் போக 7 லட்சம் கடன். 9 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதம் சுமார் 14,500 கட்டுவாய். அதில் முதல் வருட வட்டி மட்டும் 58,000 வருகிறது. உன்னைப் பயமுறுத்திய எஸ்டிமேட்டைவிடப் பத்தாயிரம் அதிகம். ஆனால் அது பில்லாக வராது, மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் போகும். அதனால் வலிக்காது.

வண்டியின் விலை இறங்குவது தனி. இன்சூரன்ஸில் ஒரு தேய்மானப் பட்டியல் உண்டு: ஆறு மாதம் தாண்டினால் 15 சதவீதம், ஒரு வருடம் தாண்டினால் 20, நான்கு வருடம் தாண்டினால் 50 என்று கழிப்பார்கள். சந்தை விலை அப்படியே அதன்படி நடக்காவிட்டாலும் போக்கு அதுதான். 8 லட்சத்தில் ஒரு வருடம் தாண்டும்போது 1,60,000 கரைந்திருக்கும். உன் பழைய வண்டி இறங்க வேண்டிய அளவுக்கு ஏற்கெனவே இறங்கிவிட்டது. இன்னொரு வருடத்தில் முப்பதாயிரம் குறைந்தால் அதிகம். ஜி.எஸ்.டி. குறைந்திருக்கிறது, இதுதான் நேரம் என்றும் ஆசை காட்டுவார்கள். 2025 செப்டம்பரில் சின்னக் கார்களுக்கு வரி 18 சதவீதத்துக்கு இறங்கியது உண்மைதான். ஆனால் புதுசின் விலை இறங்கும்போது உன் பழசுக்குக் கேட்கிற விலையும் கூடவே இறங்கும். அதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்றையும் கவனி. 80,000 கிலோமீட்டரை ஒட்டி இவ்வளவும் ஒரே நேரத்தில் வருகிறதே, வண்டியே போய்விட்டதோ என்று நினைக்கத் தோன்றும். கிளட்ச், ஷாக், புஷ் எல்லாம் தேய்ந்து மாற்றுவதற்கென்றே உள்ள சாமான்கள். ஒன்றாக ஓட ஆரம்பித்தவை, ஏறக்குறைய ஒன்றாகவே தேய்கின்றன. மாற்றிவிட்டால் அடுத்த சில வருடங்கள் பெரும்பாலும் அமைதியாகப் போகும். ஆகவே செலவு செய்வதானால் குறைந்தது மூன்று வருடம் ஓட்டுவது என்று முடிவு செய்துகொண்டு செய். 48,000 போட்டுச் சரிபண்ணிவிட்டு ஆறு மாதத்தில் விற்கிறவர்கள் உண்டு. வாங்குகிறவன் அவர்களை மனதார வாழ்த்துவான்.

இதெல்லாம் சொல்கிற நானே ஒரு வண்டியைக் காலம் கடத்தி வைத்திருந்து மாட்டிக்கொண்டவன். தூத்துக்குடியில் வேலை பார்த்தபோது என் முதல் காரை வெட்டவெளியில்தான் நிறுத்துவேன். ராத்திரி முழுக்க உப்புக்காற்று. 14 வருடம் ஆகியும் இன்ஜின் தையல் மிஷின் மாதிரி ஓடியது. அதிலேதான் நான் ஏமாந்தேன். ஒரு மழைநாளில் கால்மிதி நனைந்திருக்கிறதே என்று தூக்கிப் பார்த்தால், அடித்தகட்டில் உள்ளங்கை அகல ஓட்டை. கீழே ரோடு தெரிகிறது. டிங்கரிடம் காட்டினேன். அவர் ஸ்குரூ டிரைவரால் பக்கத்தில் குத்திப் பார்த்தார். பிஸ்கட் மாதிரி உள்ளே போயிற்று. “தகடு வெச்சு வெல்டிங் அடிச்சுத் தர்றேன் சார், ஆனா எதுல புடிச்சு அடிக்க?” என்றார். அன்றைக்குத்தான் புரிந்தது: இன்ஜினைக் கழற்றி மறுபடி கட்டலாம், கியர்பாக்ஸை மாற்றலாம், உடம்பு துருவேறிப் போனால் ஒன்றும் செய்வதற்கில்லை. மோதினால் நம்மைத் தாங்க வேண்டியது அந்தத் தகடுதான். பழைய இரும்பு விலைக்குப் போட்டேன். உங்கள் பெரியம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.

நீ வண்டி நிறுத்துவது கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில். அதனால் இந்தக் கதையை நீட்டிச் சொன்னேன்.

கணக்கில் ஏறாத இன்னொரு விஷயம் பாதுகாப்பு. எல்லாப் புதுக் கார்களிலும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம் என்றானது 2019 ஏப்ரலில்தான். ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் வேண்டும் என்ற விதி 2021-இல் வந்தது. அதற்கு முன் வந்த கார்களில் விலை குறைந்த மாடல்களில் இரண்டுமே இல்லாதவை எத்தனையோ ஓடிக்கொண்டிருக்கின்றன. உன் அப்பா அன்றைக்குக் கூடுதலாகக் கொடுத்து மேல் மாடலாக எடுத்தார். உன் வண்டியில் இரண்டும் இருக்கின்றன. இல்லாதிருந்தால், ராத்திரி ஷிப்ட் முடித்து ஓ.எம்.ஆரில் தனியாக வருகிற பெண்ணிடம் வட்டிக் கணக்கைக் காட்டி “வைத்துக்கொள்” என்று எழுதியிருக்க மாட்டேன். அதே போலத்தான் வண்டி வழியில் நிற்பதும். ரிப்பேர் செலவு வரட்டும், பரவாயில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஒரே வருடத்தில் இரண்டு மூன்று தடவை நடுரோட்டில் நின்றால், பில் சின்னதாக இருந்தாலும் மாற்றிவிடு.

தில்லிச் செய்தியைப் பார்த்துப் பெட்ரோல் வண்டிக்கு 15 வருடம்தான் ஆயுள் என்று யாரோ சொன்னார்களாமே. டீசலுக்குப் பத்து, பெட்ரோலுக்குப் பதினைந்து என்பது 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் தில்லிப் பகுதிக்குப் போட்ட உத்தரவு. இங்கே சொந்த வண்டியின் ஆர்.சி. 15 வருடத்துக்கு, பிறகு எஃப்.சி. காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். புதுப்பிக்கிற கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆக்கினார்கள். உனக்கு அந்தக் கவலை 2031-இல்தான்.

என்றாவது விற்கும்போது இரண்டை மறக்காதே. நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்கு உரியதல்ல, உனக்கு உரியது. ஐந்து வருடம் கிளெய்ம் இல்லை என்றால் 50 சதவீதம். இன்சூரன்ஸ் கம்பெனியில் சான்று வாங்கிப் புது வண்டிக்கு மாற்றிக்கொள். அடுத்தது, ஆர்.சி. பெயர் மாறிவிட்டதா என்று நீயே பார்த்து உறுதி செய். இல்லாவிட்டால் வாங்கியவன் எங்கேயோ இடித்ததற்கு நீ கோர்ட்டுப் படி ஏற வேண்டியிருக்கும்.

இப்போதைக்கு என் யோசனை, செலவு செய்து வைத்துக்கொள் என்பதுதான். ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன், சனிக்கிழமை வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி அடிப்பக்கம் முழுக்கப் படமெடுத்து அனுப்பு. கால்மிதிகளையும் தூக்கிப் பார். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருடம் 23-ஆம் வாரம் செய்தது. நாலு டயரிலும் என்ன எண் என்று எழுதி அனுப்பு. அவையும் கிழடாக இருந்தால் 48,000 என்ற கணக்கைத் திருத்த வேண்டியிருக்கும்.

அன்புடன்,
பெரியப்பா