சோக்: 12 போர் துப்பாக்கிக்குள்ள ஒளிஞ்சிருக்கும் ப்ராபபிலிட்டி

தாம்பரத்திலிருந்து ஜிஎஸ்டி ரோட்டில் தெற்கே போய், செங்கல்பட்டு தாண்டி, படாளம் கூட்டு ரோட்டில் திரும்பினா வேடந்தாங்கல். சீசன்ல பைக் எடுத்துட்டுப் போகாதவங்க நம்மள்ல ரொம்பக் குறைவு. அந்த ஏரிக்குப் பாதுகாப்பு எப்படி வந்ததுன்னு தெரியுமா? 1790களில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் அங்க வந்து பறவைகளைச் சுட்டாங்க. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணிதான் ஊர் வயலுக்கு உரம். அதனால ஊர்க்காரங்க செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டாங்க. அவர் சுடக் கூடாதுன்னு உத்தரவு கொடுத்தார்.

பறவையைச் சுடுறதுக்குன்னே வளர்ந்த துப்பாக்கிதான் ஷாட்கன். அதுக்கு எந்த சோக், எவ்வளவு ரவைன்னு எப்படி முடிவு பண்றாங்க? செமஸ்டர்ல படிச்ச பாய்ஸான் டிஸ்ட்ரிப்யூஷன் போதும். வாங்க பார்க்கலாம்.

முதல்ல, 12 போர்னா என்ன?

ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளா உருட்டினா, ஒரு உருண்டையோட விட்டம்தான் குழலோட உள்விட்டம். நீங்களே சரிபாருங்க: 453.6 கிராமை 12 ஆல் வகுத்தா 37.8 கிராம். ஈயத்தின் அடர்த்தி 11.34. கோளத்தின் கன அளவு சூத்திரத்தில் போட்டா விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர் வரும்.

ரைபிள் ஒரே குண்டைச் சுடும். ஷாட்கன் தோட்டாவுக்குள்ள நூத்துக்கணக்கில் ரவை இருக்கும். குழலை விட்டு வெளியே வந்ததும் அது விரிஞ்சுக்கிட்டே போகும். எவ்வளவு சீக்கிரம் விரியணும்னு கட்டுப்படுத்துறது குழல் முனையில் இருக்கும் சின்னக் குறுக்கம். அதுக்குப் பேர்தான் சோக். 1870களில் பர்மிங்காம் துப்பாக்கி தயாரிப்பாளர் கிரீனர் இதைப் பிரபலமாக்கினார். வேடந்தாங்கல்ல சுட்ட சிப்பாய்கள் கையில இது கிடையாது.

நாலு சோக், நாலு கணக்கு

36 மீட்டர் தூரத்தில் 76 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள்ள எத்தனை சதவீதம் ரவை விழுதுங்கிறதுதான் அளவுகோல்.

சிலிண்டர்: குறுக்கம் இல்லை, சுமார் 40%
குவார்ட்டர்: 0.25 மி.மீ., சுமார் 50%
ஹாஃப்: 0.5 மி.மீ., சுமார் 60%
ஃபுல்: 1 மி.மீ., சுமார் 70%

ஒரே ஒரு மில்லிமீட்டருக்குள்ள இவ்வளவு வித்தியாசம்!

இப்போ லோடு. ஒலிம்பிக் ட்ராப் போட்டியில் 24 கிராமுக்கு மேல ரவை போடக் கூடாது. 2.4 மி.மீ. ஈய ரவைன்னா சுமார் 300 இருக்கும். இலக்கு 110 மி.மீ. விட்டமுள்ள தட்டு. பேரு களிமண் தட்டு, ஆனா உள்ள இருக்கிறது சுண்ணாம்புக்கல் பொடியும் பிட்ச்சும். அது பக்கவாட்டில் தெரியும்போது பரப்பு சுமார் 25 சதுர சென்டிமீட்டர்னு வச்சுக்கலாம். வட்டத்தின் பரப்பு சுமார் 4,500.

ஃபுல் சோக்: 210 ரவை. தட்டில் படும் சராசரி 210 × 25 / 4500 = 1.17. ஒண்ணுகூடப் படாம போக வாய்ப்பு, e-யின் அடுக்கு மைனஸ் 1.17, அதாவது சுமார் 31%.

சிலிண்டர்: 120 ரவை. சராசரி 0.67. ஒண்ணுகூடப் படாம போக வாய்ப்பு சுமார் 51%.

குறி துல்லியமா இருந்தாலும் சிலிண்டர்ல பாதிக்குப் பாதி தட்டு தப்பிச்சிடும். இது கொஞ்சம் கறாரான கணக்கு. நிஜத்தில் வட்டத்தின் நடுவுல ரவை நெருக்கமா இருக்கும், வீரர்களும் 36 மீட்டர் வரைக்கும் காத்திருக்க மாட்டாங்க. ஆனா ட்ராப்காரங்க ஏன் இறுக்கமான சோக் போடுறாங்கன்னு இது காட்டிடுது.

அப்போ எப்பவும் ஃபுல் போட்டுடலாமா? கூடாது. ஸ்கீட் போட்டியில் தட்டு சுமார் 20 மீட்டர்லயே உடையணும். அங்க ஃபுல் சோக் போட்டா ரவைக் கூட்டம் ரொம்பச் சின்னதா இருக்கும், குறி கொஞ்சம் விலகினாலும் அவ்வளவுதான். அதனால ஸ்கீட்காரங்க விரிஞ்ச சோக்கும், 2 மி.மீ. அளவுள்ள பொடி ரவையும் எடுப்பாங்க. தூரம் கம்மின்னா பரப்பு, தூரம் அதிகம்னா அடர்த்தி. மொத்தப் பாடமும் இவ்வளவுதான்.

இதே கணக்கைப் பறவைக்குப் போட்டா?

தட்டுல ஒரு ரவை பட்டு ஒரு துண்டு உடைஞ்சாலே பாயின்ட். பறவை அப்படி இல்லை. ஒண்ணு ரெண்டு ரவை பட்ட கௌதாரி விழாது. பறந்து போய் எங்கயோ புதர்ல கிடந்து சாகும். சராசரி 1.17-ன்னா சரியா ஒரே ஒரு ரவை மட்டும் படும் வாய்ப்பு சுமார் 36%. அதனாலதான் வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகள்ல கூட, சோக்குக்கு மீறின தூரத்தில் சுடாதேங்கிறதுதான் முதல் விதி.

விழுந்த ரவையும் சும்மா இருக்காது. கூழாங்கல்னு நினைச்சு வாத்து அதை முழுங்கும், ஈயம் உடம்புல ஏறும். இதுக்காகவே அமெரிக்கா 1991-ல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையைத் தடை பண்ணிடுச்சு. 2023-லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சதுப்பு நிலங்கள்ல ஈய ரவை கூடாது.

நம்ம நாட்டுல 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கௌதாரி, காட்டுக் காடை, நீர்ப்பறவைகளை வேட்டையாடுறது குற்றம், ஜெயில் வரைக்கும் போகும். யாராவது "ஏரிப் பக்கம் வா மச்சி, சும்மா ரெண்டு சுடலாம்"னு கூப்பிட்டா, ஏன் வேண்டாம்னு சொல்ல இப்போ உங்ககிட்ட சட்டமும் இருக்கு, கணக்கும் இருக்கு.

ஷாட்கன் மேல ஆசை இருந்தா வழி இல்லாம இல்ல. புதுக்கோட்டைக்காரர் பிரித்விராஜ் தொண்டைமான் 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ட்ராப் அணித் தங்கம் ஜெயிச்சார். கூட இருந்தவங்க கைனான் செனாய், ஜொராவர் சிங் சந்து. அடுத்த வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் தொண்டைமான் சுட்டார். அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப்பில் பயிற்சியாளர் கண்காணிப்பில் ஆரம்பிக்கிறதுதான் சரியான வாசல்.

வீட்டுப்பாடம்: ஈயத்துக்குப் பதில் எஃகு ரவை, அடர்த்தி 7.8, அதே 24 கிராம், அதே 2.4 மி.மீ. எத்தனை ரவை வரும்? எண்ணிக்கை கூடியும், தூரத்துத் தட்டுக்கு அது ஏன் லாபமில்லை? விடையை ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்க. சரியா எழுதுறவங்க பேர் அடுத்த இதழ்ல வரும்.