தறிச்சத்தம் தின்ற காதுக்குக் கருவி: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பல்லடம், மங்கலம், சோமனூர் பக்கம் வருசக்கணக்கில் விசைத்தறி ஓட்டியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "சத்தம் கேக்குதுங்க, பேச்சுத்தான் புரியல." இரைச்சல் முதலில் கெடுப்பது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சொலிகளை. உயிரெழுத்துகள் தப்பிவிடும், ச், த், ப் போன்ற மெய்களின் மெல்லிய ஒலி நழுவிவிடும். விட்டுப்போனதை ஊகித்து நிரப்புவது மூளையின் வேலையாகிறது. பொழுது சாயும்போது வரும் அலுப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

செய்ய வேண்டியவை

• காது கேட்கும் கருவியைத் தினமும் போடுங்கள், விழித்திருக்கும் நேரமெல்லாம். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். மெல்லிய ஒலிகளையே மறந்திருந்த மூளைக்கு, கருவி தரும் சத்தம் முதலில் தகரத்தைத் தட்டுவதுபோல் இருக்கும். பழக வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். வீட்டில் ஒருவரோடு பேசுவதில் தொடங்குங்கள். பிறகு டிவி, பிறகு டீக்கடை. கல்யாண மண்டபம் கடைசியில். விசேஷத்துக்கு மட்டும் எடுத்து மாட்டினால் மூளை பழகவே பழகாது. கருவிமீதுதான் பழி விழும்.

• இரண்டு காதும் குறைந்திருந்தால் இரண்டு கருவி கேளுங்கள். இரு காதுக்கும் வரும் ஒலியின் வேறுபாட்டை வைத்துத்தான் மூளை திசை அறிகிறது, கூட்டத்தில் ஒரு குரலைப் பிரித்தெடுக்கிறது.

• கேட்டது உடனே மறந்துபோகிறது என்றால் செவித்திறன் நிபுணரிடம் (ஆடியாலஜிஸ்ட்) சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்கள் பலருக்கு, ஒலியைச் சட்டென்று ஏற்றி இறக்காமல் நிதானமாக மாற்றும் அமைப்பே ஒத்துப்போகிறது.

• வீட்டாரே, பேர் சொல்லிக் கூப்பிட்டு, முகம் பார்த்துப் பேசுங்கள். உதட்டசைவையும் மூளை சேர்த்தே கேட்கிறது.

செய்யக்கூடாதவை

• "வயசானா அப்படித்தான்" என்று தள்ளிப்போடாதீர்கள். 2023இல் லான்செட் இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரை 3 ஆண்டுகள் கவனித்தார்கள். மொத்தக் குழுவில் நினைவு, சிந்தனைத் திறன் சரிவதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அந்தத் திறன் குறையும் அபாயம் கூடுதலாக இருந்தவர்களில், கருவியும் ஆலோசனையும் பெற்றோருக்குச் சரிவு 48 சதவீதம் மட்டுப்பட்டது.

• காதருகே கத்தாதீர்கள். கத்தினால் சொல் சிதையும்.

• பரிசோதனை இல்லாமல் கடையில் ஒலிபெருக்கி வாங்காதீர்கள்.

• அணைத்த கருவியோடு தறிக்கூடத்தில் நிற்காதீர்கள். அது காதடைப்பான் ஆகாது. இன்னும் வேலைக்குப் போகிறவருக்குத் தனிக் காதடைப்பான் வேண்டும். ஈ.எஸ்.ஐ. திட்டத்துக்கான தொழில்நோய்ப் பட்டியலில் இரைச்சலால் வரும் செவிக்குறையும் இருக்கிறது. அட்டை உள்ளவர்கள் கூச்சப்படாமல் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போய்க் கேளுங்கள்.