பேறுகாலத்தில் பக்கத் துணை

பேற்று வேதனை ஹஸ்ரத் மர்யம் (அலை) அவர்களைப் பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டுசென்றதைத் திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் விவரிக்கின்றது. இதற்கு முன்பே மரணித்திருக்கக் கூடாதா என்று அவர்கள் ஏங்கிய நேரத்தில், கவலை வேண்டாம் என்றொரு குரல் கீழிருந்து வந்தது. காலடியில் நீரோடை, மரத்தை உலுக்கினால் கனிந்த பழம். வலி நீங்கிவிட்டதாக அங்கே சொல்லப்படவில்லை. ஆறுதலும் தண்ணீரும் உணவுமே முதலில் வந்தன.

மேல்நாடுகளில் இவ்வேலைக்கென்றே பயின்ற பெண்ணை 'டூலா' என்கிறார்கள். பணிப்பெண் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். அவர் மருத்துவச்சி அல்லர். பிள்ளையை எடுப்பதோ மருந்து கொடுப்பதோ அவர் வேலையன்று. இடுப்பைத் தேய்த்துவிடுவார், நடக்க வைப்பார், பயத்தைத் தணிப்பார். நம் வீட்டுப் பெரியவர்கள் செய்து வந்ததுதான்! பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனதால் எத்தனையோ உயிர்கள் தப்பின, அல்ஹம்து லில்லாஹ். ஆனால் இந்தத் துணை வாசலோடு நின்றுவிட்டது.

தமிழக அரசு 2004இல் தன் ஆஸ்பத்திரிகளில் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதித்தது. 2017இல் வெளிவந்த ஒரு தொகுப்பு, 15,000க்கும் அதிகமான பெண்களைப் பற்றிய 26 ஆய்வுகளை ஆராய்ந்தது. இடைவிடாத துணை இருந்தவர்களுக்கு வலிநேரம் சற்றுக் குறைந்தது, சிசேரியனும் குறைந்தது. மறு ஆண்டே உலக சுகாதார நிறுவனம், பெண் தான் விரும்பும் துணையை வைத்துக்கொள்ளப் பரிந்துரைத்தது. ஆகவே பண்ருட்டியானாலும் கடலூரானாலும், எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்களோ அங்கே முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

யாரை அனுப்புவது? இதில்தான் நாம் தவறுகிறோம். என் மனைவியின் தலைப்பிரசவத்துக்கு அவளுடைய தாயாரை அனுப்பினேன். அவரோ மகளைப் பார்த்து அழ, வலியில் கிடந்தவள் தாயைத் தேற்ற வேண்டியதாயிற்று. பிறகு என் பெரியம்மா போனார். நான்கு பெற்றவர். முகத்தைத் துடைத்து, தண்ணீர் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல திக்ரு ஓதினார். வேறொன்றும் செய்யவில்லை. அதுவே போதுமாயிருந்தது.

துணைக்குப் போகிறவர் தாமும் பிள்ளை பெற்றவராயிருப்பது நல்லது. தொற்றுநோய் இருக்கக் கூடாது. ஆடை சுத்தமாக இருக்க வேண்டும். டாக்டர் வேலையில் குறுக்கிடக் கூடாது. ஊரில் யாருக்கு என்ன ஆயிற்று என்ற கதைகளைத் தயவுசெய்து வாசலிலேயே விட்டுவிடுங்கள்.

ஒரு மஸ்அலா. பிள்ளை பிறக்கும் முன் வலியோடு வெளிப்படும் இரத்தம் நிஃபாஸ் அன்று. அதனால் தொழுகைக் கடமை நீங்குவதில்லை. ஒளு அல்லது தயம்மும் செய்யத் துணைப்பெண் உதவலாம். படுத்தபடி சைகையால் தொழலாம். அதற்கும் இயலாத வலியென்றால், சுத்தமான பின் அந்த வக்தைக் களாச் செய்துகொள்ள வேண்டும்.