தொப்பை குறைய மூக்கிலிருந்து தொடங்குங்கள்

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் இருக்கிறது நம் புதுக்கோட்டை. "வயித்தைக் கழுவுற கிரியை செஞ்சா ஒரே நாள்ல எடை குறையுமாமே?" என்று இங்கே கேட்பவர்கள் உண்டு. குறையும்தான். ஆனால் குறைவது மலமும் தண்ணீரும். சாப்பிட்டுத் தண்ணீர் குடித்ததும் அது திரும்பிவிடும். கொழுப்பு அப்படியே இருக்கும்.

15-ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோகப் பிரதீபிகை, கொழுப்பும் கபமும் மிகுந்தவர்களைப் பிராணாயாமத்துக்கு முன் ஆறு கிரியைகளைச் செய்யச் சொல்கிறது. மற்றவர்களுக்கு அவை தேவையில்லை என்கிறது. உடலைப் பயிற்சிக்குத் தயார்செய்வதே அவற்றின் வேலை. வீட்டில் செய்யக்கூடிய இரண்டை இங்கே பார்ப்போம்: உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவும் ஜலநேதி, மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி.

முதலில் இடுப்பை அளந்து எழுதிவையுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை.

நேதிக்கு அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். குழாய்த் தண்ணீரையோ போர் தண்ணீரையோ கொதிக்கவைக்காமல் மூக்கில் விடவே கூடாது. மூளையைத் தின்னும் அமீபா மூக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது. உப்பு முக்கால் தேக்கரண்டி, சுமார் நாலரை கிராம். உப்பளத்துக் கல்லுப்பு என்றால் பொடித்து அளந்து, கரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். அடியில் மண் தங்கும். தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி, மேல் துவாரத்தில் ஊற்றினால் மறு துவாரம் வழியே வரும். எரிந்தால் உப்பின் அளவு தவறு. முடிந்ததும் குனிந்து, இரண்டு துவாரமும் திறந்திருக்க மெல்லச் சீந்துங்கள். ஒன்றை அடைத்துக்கொண்டு பலமாகச் சீந்தினால் தண்ணீர் காதுப்பக்கம் ஏறும்.

அடுத்தது கபாலபாதி. காலையில் வெறும் வயிற்றில், முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். சம்மணம் போட முடியாதவர்களுக்கு நாற்காலி போதும். தொப்புளில் உள்ளங்கையை வையுங்கள். மூக்கால் சட்டென்று மூச்சைத் தள்ளும்போது வயிறு உள்ளே போவது கைக்குத் தெரிய வேண்டும். உள்மூச்சு தானாக வரும், இழுக்காதீர்கள். நொடிக்கு ஒன்றாக 20 முறை, பிறகு ஒரு நிமிடம் ஓய்வு. இப்படி மூன்று சுற்று. தோள் குலுங்கினாலோ முகம் இறுகினாலோ வேகத்தைக் குறையுங்கள். தலை சுற்றினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

உயர் ரத்த அழுத்தம், இதயநோய், குடலிறக்கம், வலிப்பு, கண் அழுத்தநோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கபாலபாதியைத் தொடவேண்டாம்.

உப்புத் தண்ணீர் குடித்து வாந்தி எடுக்கும் குஞ்சல், குடலைக் கழுவும் சங்கப் பிரக்ஷாளனம் இரண்டையும் வீட்டில் தனியாகச் செய்யாதீர்கள். அதன் சிறிய வடிவமான லகு சங்கப் பிரக்ஷாளனத்துக்கே ஆறு டம்ளர் உப்புத் தண்ணீர் போகும். உயர் ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவருக்கு அந்த உப்பு ஆபத்து. வேண்டுமென்றால் யோகா-இயற்கை மருத்துவம் படித்த மருத்துவரிடம் போங்கள். சென்னை அரும்பாக்கத்தில் அதற்கென்றே அரசுக் கல்லூரி இருக்கிறது; அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றிலும் அந்தப் பிரிவு உண்டு.

பயிற்சி முடிந்து அரை மணி கழித்துச் சாப்பிடுங்கள். ராத்திரி பொரிச்ச பரோட்டாவை விடாமல் காலையில் கபாலபாதி செய்தால் இடுப்பு அசையாது. தினமும் அரை மணி நேர நடையும் சேரட்டும். வாரத்துக்கு ஒருமுறை, காலையில் ஒரே நேரத்தில், சாப்பிடும் முன் தொப்புள் மட்டத்தில் அளவெடுத்துக் குறித்து வாருங்கள்.