சாவியை ஒளித்து வையுங்கள்

தண்ணீர் புகுந்தால் இன்ஜின் போய்விடும் என்கிறார்கள். நிறுத்தி வைத்த வண்டிக்கு அது பொருந்தாது. பானெட் வரை தண்ணீரில் கிடந்த என் டீசல் காரின் இன்ஜின், வெள்ளம் வடிந்த பிறகும் நன்றாகத்தான் இருந்தது. அதை முடித்து வைத்தது என் மச்சினன்.

2023 டிசம்பர் 17, மார்கழி முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. மனைவி வீட்டு விசேஷத்துக்காகச் சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி சிந்துபூந்துறைக்குப் போயிருந்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை அது. தாமிரபரணி ஏறி ஜங்ஷன் பேருந்து நிலையத்துக்குள்ளும் கலெக்டர் ஆபீசுக்குள்ளும் புகுந்ததை நாடே பார்த்தது. ஆவுடைப்பொய்கைத் தெப்பம் நிறைந்தாலே வேடிக்கை பார்க்கக் கூடுகிற ஊர்க்காரன் நான். ஆற்றங்கரைத் தெருவில் வண்டியை விடலாமா என்பது எனக்கு எப்படித் தெரியும்? குறுக்குத்துறை முருகன் கோயிலை வெள்ளம் மூடுவதைப் பார்த்தே வளர்ந்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "இங்கேயே போடுங்க அத்தான், ஒண்ணும் ஆகாது" என்று இடம் காட்டியவன் அவன்தான்.

தண்ணீர் வடிந்ததும், யாரும் வண்டியைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு ரெக்கவரி வண்டி தேடிப் போனேன். சாவி என் சட்டைப் பையில். ஸ்பேர் சாவி மனைவியின் கைப்பையில் இருந்ததை நான் யோசிக்கவில்லை, அவன் யோசித்தான். "சும்மா ஒரு செல்ஃப்" அடித்தானாம். 'டக்' என்று நின்றதாம். அத்தோடு விட்டிருந்தாலும் தப்பியிருக்கலாம். தெருப் பையன்களைக் கூப்பிட்டு, செகண்ட் கியரில் போட்டுத் தள்ளியிருக்கிறான். நான் திரும்பி வந்தபோது, "பேட்டரி வீக் அத்தான்" என்றான்.

பேட்டரி இல்லை, தண்ணீர். காற்றை அமுக்கினால் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. என் வண்டி 1,248 சிசி, நான்கு சிலிண்டர். ஒன்றுக்கு 312 சிசி. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சுகிற இடம் 20 மில்லிகூட வராது, நாலு டீஸ்பூன்தான். ஏர் ஃபில்டர் வழியாக அதற்கு மேல் தண்ணீர் இறங்கியிருந்தால், ஏறி வருகிற பிஸ்டனுக்குப் போக இடமில்லை. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எனக்கு இரண்டு வளைந்தன. பெட்ரோல் வண்டியில் இடம் கொஞ்சம் கூடுதல், ஆனால் அதுவும் தப்பாது.  

பேட்டரி நெகடிவைக் கழற்றி வைத்திருந்தால் செல்ஃபே அடித்திருக்காதே என்று இப்போது அறிவுரை சொல்கிறவர்களுக்கு: பத்தாம் நம்பர் ஸ்பானர் டிக்கியில் இருந்தது, டிக்கி தண்ணீருக்குள் இருந்தது.

மற்ற வேலைகளை எந்த மெக்கானிக்கும் சொல்வார். ஏர் ஃபில்டரைத் திறந்து பார்ப்பது. ஆயில் கம்பியை உருவிப் பார்ப்பது, பால் ஊற்றிய டீ மாதிரி இருந்தால் ஆயிலில் தண்ணீர். இன்ஜெக்டரை, பெட்ரோல் என்றால் ஸ்பார்க் பிளக்கை, கழற்றிவிட்டு இன்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுவது. இன்ஜின் ஆயில், கியர் ஆயில், டீசல் எல்லாவற்றையும் மாற்றுவது. கயிறு கட்டி இழுக்காமல், தூக்கி வைத்துக் கொண்டுபோகிற வண்டியாகப் பிடியுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் என்றால் இதில் பேச்சே இல்லை.

இன்சூரன்சுக்கு வருகிறேன். முழு பாலிசி இருந்தால் வெள்ளச் சேதத்துக்குப் பணம் உண்டு. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் என்றால் கிடையாது. ஆனால் தண்ணீர் போன இன்ஜினை ஸ்டார்ட் செய்து வந்த சேதத்தைப் பின்விளைவு என்று ஒதுக்கிவிடுவார்கள். அதற்கு இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்க வேண்டும். வண்டி புதிதாக இருந்தபோது நான் கேட்டேன். "மழையே பெய்யாத ஊர்ல எதுக்கு சார்?" என்றார் ஏஜெண்ட். வண்டி சங்கரன்கோவிலைத் தாண்டாது என்று நினைத்தார் போலிருக்கிறது. பிறகு கேட்டால் பழைய வண்டிக்குக் கொடுப்பதில்லை என்றார்கள். சர்வேயர் வந்த அன்று, யாரும் கேட்காமலே, "தள்ளிக்கூடப் பார்த்தோம் சார்" என்று மச்சினன் பெருமையாகச் சொன்னான். சீட்டுக்கும் வயரிங்குக்கும் பணம் வந்தது, இன்ஜினுக்கு வரவில்லை.

அதனால்தான் மானூர், தேவர்குளம் வழியாக வண்டியை ஊருக்கே ஏற்றி வந்தேன். கம்பெனி ஒர்க் ஷாப்பில் விட்டிருக்க வேண்டும் என்று மாமனார் வீட்டில் இன்றும் பேச்சு. வெள்ளத்தில் நனைந்த வண்டிகள் அங்கே வாசல் தாண்டி நின்றன. எங்கள் ஊர் மெக்கானிக், கிணற்றில் மூழ்கிய பம்புசெட் டீசல் இன்ஜின்களைத் தூக்கி ஓட வைத்தே தொழில் பழகியவர். ஹெட்டைக் கழற்றியதுமே, "தண்ணியோட சுத்த விட்டுட்டீங்களே" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார், அதுதான் இன்னும் ஆறவில்லை. ராடு, பேரிங், கேஸ்கெட், லேத் வேலை, கூலி எல்லாம் சேர்ந்து லட்சத்தை நெருங்கியது. வண்டி இப்போது குற்றாலம் வரை போய் வருகிறது. வயர் சாக்கெட்டுகளில் பச்சை பூத்து அவ்வப்போது ஏதாவது ஒரு விளக்கு எரிவதைத் தவிரக் குறையில்லை.

மச்சினன் இப்போது புது வண்டி வாங்கியிருக்கிறான். இன்ஜின் பாதுகாப்பு சேர்த்தாயா என்று கேட்டேன். "அதெல்லாம் ஷோரூம்ல போட்டிருப்பாங்க அத்தான்" என்றான்.