கவுன்டி டெண்டர் யார் கையில்?

கேள்வி: அமெரிக்காவில் கவுன்டி அரசுகள் டெண்டர் விடுவதும் முடிவெடுப்பதும் எப்படி?

பதில்: நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவான கவுன்டியை நடத்துவது மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பும் ஒரு சிறு குழு. சுமார் ஒரு கோடிப் பேர் வாழும் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்டியின் ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் தருவது ஐந்தே பேர் கொண்ட குழுதான்! ஆனால் மூடிய அறையில் முடித்துவிட முடியாது. கலிஃபோர்னியாவின் பிரவுன் சட்டப்படி (1953), வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே பொதுவில் ஒட்ட வேண்டும். அதிலுள்ள எதைப் பற்றியும் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம்.

கட்டுமான வேலை பெரும்பாலும் தகுதியுள்ளவர்களில் குறைந்த தொகை கேட்டவருக்குப் போகும். ஆலோசனை போன்ற சேவைகளுக்கு அனுபவத்தையும் எடை போடுவார்கள்.

இந்த ஒழுங்கு குலைந்தால்? அலபாமாவின் ஜெஃபர்சன் கவுன்டியைப் பாருங்கள். கழிவுநீர்த் திட்டக் கடன் பத்திர வேலையை வேண்டியவருக்குத் திருப்பிவிட, கவுன்டியை நடத்தும் குழுவின் (கமிஷன்) தலைவராக இருந்த லாரி லாங்ஃபோர்டு ரோலக்ஸ் கடிகாரம், விலையுயர்ந்த உடைகள் என்று லஞ்சம் வாங்கினார். 2010-இல் அவருக்கு 15 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2011-இல் சுமார் 400 கோடி டாலர் கடனோடு கவுன்டியே திவால் மனு கொடுத்தது. இதில் பெரிய கொடுமை: உயர்ந்துபோன கழிவுநீர்க் கட்டணத்தைக் கட்டியது, எந்தக் கையெழுத்தும் போடாத அந்த ஊர்க் குடும்பங்கள்.